பால் ரோப்சன்: பட்டியலிலிருந்து அழிக்கப்பட்ட ஆட்டக்காரர்

ஒரு கால்பந்து அணியில் எத்தனை பேர்? 11. சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். அமெரிக்கக் கால்பந்திலும் அதே கணக்குத்தான்.

அமெரிக்காவில் கல்லூரிக் கால்பந்துப் பருவம் முடிந்ததும் ஒரு வழக்கம் உண்டு. நாடெங்கும் உள்ள கல்லூரிகளிலிருந்து ஆகச் சிறந்த ஆட்டக்காரர்களைப் பொறுக்கி, 'ஆல் அமெரிக்கா' என்ற பெயரில் ஒரு கனவு அணியை அறிவிப்பார்கள். அந்த 11 பேரும் ஒன்றாகச் சேர்ந்து ஆடப் போவதில்லை. ஆனால் பட்டியலில் பெயர் வந்தால் வாழ்நாள் முழுக்க அந்தப் பெருமை கூடவே வரும்.

1950இல் அச்சான ஒரு கால்பந்துத் தொகுப்பு நூலில் 1918ஆம் ஆண்டின் பட்டியலைப் பார்த்தால், அதில் 10 பேர்தான் இருக்கிறார்கள்.

அச்சுப் பிழை இல்லை. அந்த 11ஆவது ஆள் அப்போது உயிரோடு இருந்தார். உலகமே அறிந்த பாடகராக, நடிகராக இருந்தார். அதனால்தான் பெயர் போனது. அவர்தான் பால் ரோப்சன்.

உங்களில் சிலர் அவர் குரலைக் கேட்டிருக்கலாம். மிசிசிப்பி ஆற்றைப் பற்றிய 'ஓல் மேன் ரிவர்' பாட்டில் வரும் ஆழமான கனத்த குரல் அது. ஆனால் அவர் பாட்டுக்கு வருவதற்கு முன்பே அமெரிக்காவின் ஆகச் சிறந்த விளையாட்டாளர்களில் ஒருவர் என்பது பலருக்குத் தெரியாது. தெரியாமல் போனதும் தற்செயல் இல்லை.

அப்பா ஓர் அடிமை

ரோப்சன் பிறந்தது 1898 ஏப்ரல் 9ஆம் தேதி, நியூ ஜெர்சி மாநிலத்தின் பிரின்ஸ்டன் நகரில். அப்பா வில்லியம் அடிமையாகப் பிறந்தவர். 15 வயதில் வட கரோலினாவின் தோட்டத்திலிருந்து தப்பி ஓடி, படித்து, கிறிஸ்துவப் போதகர் ஆனார். பின்னர் தேவாலயப் பதவியை இழந்தார். சாம்பல் அள்ளும் வண்டி ஓட்டிப் பிள்ளைகளை வளர்த்தார். அம்மா மரியா, ரோப்சனுக்கு ஆறு வயது நிறைவதற்குள் அடுப்புத் தீயில் கருகி இறந்துபோனார்.

அதே ஊரில்தான் புகழ்பெற்ற பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் இருந்தது. அந்தக் காலத்தில் அது கறுப்பினத்தவரைச் சேர்க்கவில்லை. ஆகவே ரோப்சன் வேறு கதவைத் தட்டினார். மாநில அளவிலான தேர்வில் வென்று, 1915இல் முழு உபகாரச் சம்பளத்துடன் ரட்கர்ஸ் கல்லூரிக்குள் நுழைந்தார். அந்தக் கல்லூரியின் வரலாற்றில் அவர் மூன்றாவது கறுப்பின மாணவர். அவர் சேர்ந்தபோது வேறு யாரும் இல்லை.

இந்த 'வேறு யாரும் இல்லை' என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்க. விடுதி, வகுப்பு, உணவுக்கூடம், திடல், எல்லா இடத்திலும் ஒரே ஆள்.

முதல் நாள் பயிற்சி

இங்கே ஒரு விளக்கம் தேவை. நாம் பேசுவது காலால் உதைக்கும் நம்ம ஊர்க் கால்பந்து இல்லை. பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும், எதிராளியை உடம்போடு மோதிச் சாய்க்கும் அமெரிக்க ஆட்டம். 1915இல் பாதுகாப்புக் கவசங்களும் பெயருக்குத்தான். யாரையாவது காயப்படுத்த வேண்டும் என்று நினைத்தால் அதைவிட வசதியான விளையாட்டு கிடையாது.

ரோப்சன் அணித் தேர்வுக்குப் போனார். ஆறடி மூன்று அங்குலம் உயரம், வயது 17. அணியில் இருந்தவர்களுக்கு அவர் வேண்டாம். முதல் நாளே மூக்கை உடைத்தார்கள். தோள்பட்டை எலும்பு நழுவியது. பல நாள் படுக்கையில் கிடந்தார்.

விட்டுவிடலாம் என்றுதான் அவருக்கும் தோன்றியது. ஆனால் அவர் அப்பா வேறு மாதிரி வளர்த்திருந்தார். இந்தத் திடலில் நீ தனி ஆள் கிடையாது, உனக்குப் பின்னால் வர விரும்பும் எல்லாக் கறுப்பினப் பையன்களுக்காகவும் நிற்கிறாய் என்பது அப்பா ஊட்டிய பாடம். திரும்பிப் போனார்.

அன்றும் ஒருவர் ஆணி பதித்த காலணியால் அவர் கையை மிதித்தார். நகங்கள் பிய்ந்தன. அடுத்த நகர்வில் ரோப்சன் எதிரே வந்த தடுப்பாளர்களை எல்லாம் சாய்த்துவிட்டு, பந்தை வைத்திருந்தவரை அப்படியே தலைக்கு மேல் தூக்கிவிட்டார். தரையில் போட்டு நொறுக்கப் போகிறார் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. அந்த நொடியில் பயிற்றுவிப்பாளர் ஃபாஸ்டர் சான்ஃபர்ட், அணியில் உனக்கு இடம் உண்டு என்று கத்தினாராம். ரோப்சன் அவரை மெதுவாகக் கீழே இறக்கிவிட்டார்.

இது பல ஆண்டு கழித்து ரோப்சனே சொன்ன கதை. சொல்லிச் சொல்லிக் கொஞ்சம் மெருகேறியிருக்கலாம். உடைந்த மூக்கு உண்மை.

ஆடவிடாத ஆட்டம்

1916 அக்டோபரில் நடந்ததை நான் இதைவிட முக்கியம் என்று நினைக்கிறேன். இதில் அடிதடி எதுவும் இல்லை. அதனாலேயே முக்கியம்.

ரட்கர்ஸ் தொடங்கி 150 ஆண்டு நிறைவு. கொண்டாட்டத்தின் ஒரு பகுதியாக, தென்மாநிலமான வர்ஜீனியாவின் வாஷிங்டன் அண்ட் லீ கல்லூரியுடன் ஆட்டம் ஏற்பாடாகியிருந்தது. வந்த அணி ஒரு நிபந்தனை போட்டது. கறுப்பின ஆட்டக்காரர் இறங்கினால் நாங்கள் ஆட மாட்டோம். ரட்கர்ஸ் ஒத்துக்கொண்டது. ரோப்சன் வெளியே உட்கார வைக்கப்பட்டார். ஆட்டம் 13–13 என்று சமநிலையில் முடிந்தது.

சில வாரம் கழித்து வெஸ்ட் வர்ஜீனியா அணியும் இதையே கேட்டது. இந்த முறை சான்ஃபர்ட் மறுத்துவிட்டார். ரோப்சன் ஆடினார். அந்த ஆட்டமும் சமநிலைதான், 0–0. அதே கல்லூரி, அதே பயிற்றுவிப்பாளர், அதே பருவம். முதல் முறையும் முடியாது என்று சொல்லியிருக்க முடியும் என்பதுதான் இதில் தெரிகிறது.

இதை மறக்காதவர் ஒருவர் இருந்தார். ரட்கர்ஸில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் ஜேம்ஸ் கார். 1892இல் பட்டம் வாங்கியவர். 1919இல் அவர் கல்லூரித் தலைவருக்கு ஒரு கண்டனக் கடிதம் எழுதினார். எதிரணியின் வெறுப்பைவிட, தன் கல்லூரி அதற்கு வளைந்து கொடுத்ததுதான் அவரைச் சுட்டது.

ரோப்சன் என்ன செய்தார்? ஆடினார். 1917லும் 1918லும் அவரை நிறுத்த ஆள் இல்லை. புரூக்ளினில் நடந்த ஓர் ஆட்டத்தில், நட்சத்திர ஆட்டக்காரர்களைக் கொண்ட நியூபோர்ட் கடற்படை அணியை ரட்கர்ஸ் 14–0 என்று வீழ்த்தியது. ஓரத்தில் நின்று தடுக்கவும் வேண்டும், ஓடிப் பந்தைப் பிடிக்கவும் வேண்டும் என்ற 'எண்ட்' இடம் அவருடையது. அமெரிக்கக் கால்பந்தின் தந்தை என்று கருதப்படும் வால்டர் கேம்ப் 1918இல் அவரை 'ஆல் அமெரிக்கா' அணியில் சேர்த்தார்.

கால்பந்தோடு நிற்கவில்லை. கூடைப்பந்து ஆடினார். பேஸ்பாலில் பந்து வீசுபவருக்கு எதிரே உட்கார்ந்து பிடிக்கும் 'கேட்சர்' ஆனார். திடல்தட விளையாட்டில் வட்டு எறிந்தார். சிங்கப்பூர்ப் பள்ளிகளில் விளையாட்டில் சிறந்தவர்களுக்குக் 'கலர்ஸ்' விருது கொடுப்பார்கள் இல்லையா? அதற்கு நிகராக அமெரிக்கக் கல்லூரிகளில் 'லெட்டர்' கொடுப்பார்கள். நான்கு விளையாட்டுகளில் ரோப்சன் வாங்கியது 12 என்று சில நூல்களும் 15 என்று சில நூல்களும் சொல்கின்றன. 12 என்றாலே மலைப்புத்தான்.

படிப்பு? 1919இல் வகுப்பின் முதல் மாணவராகப் பட்டமளிப்பு உரை நிகழ்த்தினார். ஆனால் கல்லூரிப் பாடகர் குழுவில் அவரால் முழு உறுப்பினராக முடியவில்லை. நிகழ்ச்சிக்குப் பிறகு நடக்கும் விருந்து, நடனம் எல்லாம் வெள்ளையர்களுக்கு மட்டும். பின்னாளில் உலகமே கேட்கப் போகும் குரல், பாடிவிட்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும்.

வார நாளில் சட்டம், வார இறுதியில் பந்து

பிறகு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டப் படிப்பு. செலவுக்குப் பணம் வேண்டுமே? தொழில்முறைக் கால்பந்து ஆடினார். 1921இல் ஏக்ரன் அணி, 1922இல் மில்வாக்கி அணி. இன்று பில்லியன் கணக்கில் பணம் புரளும் என்எஃப்எல் லீக் அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தது. ஏக்ரனில் அவரை அழைத்து வந்தவர் ஃபிரிட்ஸ் பொல்லார்ட், அந்த லீக்கின் முதல் கறுப்பினப் பயிற்றுவிப்பாளர்.

1922 நவம்பரில் மில்வாக்கி அணி, அமெரிக்கப் பழங்குடியினர் மட்டுமே ஆடிய ஊராங் அணியைச் சந்தித்தது. அந்த அணியை வழிநடத்தியவர் ஜிம் தோர்ப். 1912 ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்று, பிறகு ஒரு விதியைக் காரணம் காட்டிப் பதக்கங்கள் பறிக்கப்பட்டவர். மில்வாக்கி 13–0 என்று வென்றது. இரண்டு 'டச்டவுன்'களையும் போட்டது ரோப்சன். சாதனைப் பட்டியலிலிருந்து ஏற்கெனவே அழிக்கப்பட்ட ஒருவரும், இனிமேல் அழிக்கப்படப் போகும் ஒருவரும் ஒரே திடலில் மோதிக்கொண்ட நாள் அது. அன்று அது யாருக்கும் தெரிந்திருக்காது.

சட்டப் பட்டம் 1923இல் கிடைத்தது. நியூயார்க்கில் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே ஒரு சுருக்கெழுத்தாளர், கறுப்பினத்தவர் சொல்லச் சொல்லத் தன்னால் எழுத முடியாது என்று மறுத்துவிட்டார். ரோப்சன் வெளியேறினார். சட்டத் தொழிலுக்கு அதோடு முற்றுப்புள்ளி.

குரல்

இனிமேல் நடந்தது ஓட்டமாக ஓடும் கதை. 1921இல் மணந்த எஸ்லாண்டாதான் அவரை மேடைப் பக்கம் தள்ளியவர். பின்னர் அவருடைய தொழில் விவகாரங்களைப் பார்த்துக்கொண்டவரும் அவரே. யூஜீன் ஓநீல் எழுதிய நாடகங்களில் நடித்தார். 1925இல் பியானோக் கலைஞர் லாரன்ஸ் பிரவுனுடன் ஒரு மேடை நிகழ்ச்சி. அடிமைகள் வயலில் பாடிய பக்திப் பாடல்களை மட்டுமே வைத்து ஒரு முழுக் கச்சேரி. இதெல்லாம் கச்சேரியில் பாடும் பாட்டா என்று கேட்டவர்கள் வாயடைத்துப் போனார்கள். 1928இல் லண்டனில் 'ஷோ போட்'. 1930இல் அதே லண்டனில் 'ஒதெல்லோ'. 1943இல் நியூயார்க் பிராட்வேயில் அதே 'ஒதெல்லோ', 296 காட்சிகள். பிராட்வேயில் வேறு எந்த ஷேக்ஸ்பியர் நாடகமும் இன்றுவரை அவ்வளவு காட்சிகள் ஓடியதில்லை.

இரண்டு மொழிகளில் வாழும் உங்களுக்கு ஒரு விஷயம் பிடிக்கும். ரோப்சன் மொழிப் பைத்தியம். லண்டனில் ஆப்பிரிக்க மொழிகளை முறையாகப் படித்தார். ரஷ்ய மொழி கற்றார், சீனம் கற்றார். 20க்கும் மேற்பட்ட மொழிகளில் பாடினார். 1941இல் அவர் சீனத்தில் பாடிப் பதிவு செய்த ஓர் எதிர்ப்புப் பாடல்தான் பின்னர் சீனாவின் தேசிய கீதமானது. ஒரு மக்களின் பாட்டைப் பாட வேண்டுமென்றால் அவர்கள் மொழி வாயில் பழக வேண்டும் என்பது அவர் கொள்கை.

லண்டன் வாழ்க்கைதான் அவரை அரசியலுக்குள் இழுத்தது. வேலையில்லாத வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர்களைச் சந்தித்தார், அவர்களோடு சேர்ந்து பாடினார். காலனி நாடுகளிலிருந்து வந்த மாணவர்கள் நண்பர்களானார்கள். 1935இல் வெளியான 'சாண்டர்ஸ் ஆஃப் தி ரிவர்' படத்தில் ஆப்பிரிக்கத் தலைவராக நடித்தார். படம் திரைக்கு வந்தபோது அது பிரிட்டிஷ் ஆட்சியைப் போற்றும் படமாக இருந்தது. அதை நினைத்துக் கடைசிவரை வருந்தினார். அதே படத்தில் கூட்டத்தில் ஒருவராக நடித்தவர் ஜோமோ கென்யாட்டா, பிற்காலக் கென்ய அதிபர்!

1938இல் உள்நாட்டுப் போர் நடந்த ஸ்பெயினுக்குப் போய்ப் படைவீரர்களுக்குப் பாடினார். அதே ஆண்டு லண்டனில் ஜவஹர்லால் நேருவை வரவேற்ற கூட்டத்திலும் பாடினார். நட்பு அங்கே வளர்ந்தது. அந்தக் காலத்திலிருந்து 'ஓல் மேன் ரிவர்' பாட்டின் வரிகளையும் மாற்ற ஆரம்பித்தார். அலுத்துச் சலித்துப் போன ஒருவரின் பாட்டு, போராடும் ஒருவரின் பாட்டானது. கேட்க வந்தவர்கள் பழைய பாட்டைத்தான் எதிர்பார்த்தார்கள். அவர் புதியதைத்தான் கொடுத்தார்.

இரண்டு ஆட்டக்காரர்கள்

இப்போது கதையில் இன்னொருவர் வருகிறார்: ஜாக்கி ராபின்சன்.

இவரும் கல்லூரிக் கால்பந்து நட்சத்திரம்தான். கலிஃபோர்னியாவின் யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் கால்பந்து, கூடைப்பந்து, பேஸ்பால், திடல்தடம் என நான்கு விளையாட்டு. ரோப்சனைவிட 21 வயது இளையவர். 1947இல் மேஜர் லீக் பேஸ்பாலின் நிறத் தடையை உடைத்து உள்ளே நுழைந்தவர் என்று உலகம் அறியும்.

அந்தத் தடை அசைவதற்கு முன், 1943 டிசம்பரில், பேஸ்பால் ஆணையர் லேண்டிஸையும் அணி உரிமையாளர்களையும் நேரில் சந்தித்து, கறுப்பின ஆட்டக்காரர்களைச் சேர்க்கும்படி வாதாடியவர்களில் ரோப்சன் ஒருவர். கல்லூரித் திடலில் தானே ஆடிக் காட்டியவர் என்பதால், வெள்ளையரும் கறுப்பினத்தவரும் சேர்ந்து ஆடினால் கலவரம் வரும் என்ற சாக்கு அவரிடம் செல்லவில்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்தது. பனிப்போர் தொடங்கியது. சோவியத் யூனியனை வெளிப்படையாக ஆதரித்த ரோப்சன், ஒரே இரவில் சந்தேகத்துக்குரியவர் ஆனார். 1949 ஏப்ரலில் பாரிஸில் நடந்த அமைதி மாநாட்டில் பேசினார். சோவியத் யூனியனுக்கு எதிரான போரில் கறுப்பின அமெரிக்கர்கள் சண்டையிட மாட்டார்கள் என்று அவர் சொன்னதாக ஒரு செய்தி நிறுவனம் உலகெங்கும் அனுப்பியது. அவர் உண்மையில் பேசியதும் அந்தச் செய்தியும் ஒன்றல்ல என்று வரலாற்றாசிரியர்கள் பின்னர் காட்டினார்கள். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. செய்தி வேலையில் இருக்கும் யாருக்கும் இந்த இடம் உறுத்தத்தான் செய்யும்.

அந்த ஜூலையில் நாடாளுமன்ற விசாரணைக் குழு ஜாக்கி ராபின்சனை அழைத்தது. ரோப்சனுக்கு எதிராகப் பேச வேண்டும். இக்கட்டைப் பாருங்க. போகாவிட்டால் தானும் சந்தேகத்துக்கு ஆளாகலாம், தனக்குப் பின்னால் வரும் ஆட்டக்காரர்களின் கதவும் மூடலாம். போனால், தனக்காக வாதாடியவரையே தாக்க வேண்டும். அவர் போனார். செய்தியில் வந்தபடி ரோப்சன் பேசியிருந்தால் அது அசட்டுத்தனம் என்றார். ஆனால் அதே உரையில், இனப் பாகுபாடு கம்யூனிஸ்டுகள் இட்டுக்கட்டியது இல்லை, அது கண்ணெதிரே இருக்கிறது என்றும் சொன்னார். பத்திரிகைகள் முதல் பாதியைப் பெரிதாகப் போட்டன.

ரோப்சன் திருப்பித் தாக்கவில்லை. ராபின்சனோடு தனக்குச் சண்டை இல்லை என்றே சொன்னார். 1972இல், தான் இறக்கும் ஆண்டில், ராபின்சன் தன் வரலாற்றை எழுதினார். அன்றைய சாட்சியம் இன்று என்றால் கொடுத்திருக்க மாட்டேன் என்ற பொருளில் அதில் எழுதியிருக்கிறார். ரோப்சன் மீது தனக்கு மதிப்பு கூடியிருப்பதையும் மறைக்கவில்லை.

கடப்பிதழ் இல்லாத எட்டு ஆண்டு

1949 ஆகஸ்ட் 27ஆம் தேதி, நியூயார்க்குக்கு வடக்கே பீக்ஸ்கில் நகருக்கு அருகே அவர் பாட இருந்த நிகழ்ச்சியை ஒரு கும்பல் தாக்கிக் கலைத்தது. செப்டம்பர் 4ஆம் தேதி மறுபடி நடத்தினார்கள். தொழிற்சங்கத்தினர் சுற்றிலும் அரண்போல் நிற்க, ரோப்சன் பாடினார். கேட்டுவிட்டுத் திரும்பியவர்களின் பேருந்துகள், கார்கள் மீது கல்மழை. நூற்றுக்கும் மேற்பட்டோருக்குக் காயம்.

1950இல் அமெரிக்க வெளியுறவு அமைச்சு அவருடைய கடப்பிதழை ரத்து செய்தது. ஆப்பிரிக்கக் காலனிகளின் விடுதலைக்காக அவர் தீவிரமாக இயங்குவதையும் அரசாங்கமே நீதிமன்றத்தில் ஒரு காரணமாகக் காட்டியது. உள்நாட்டில் அரங்குகள் மூடின. வானொலியில் குரல் நின்றது. ஆண்டுக்கு 100,000 டாலருக்கு மேல் சம்பாதித்தவரின் வருமானம் சில ஆயிரத்துக்கு இறங்கியது. வெளிநாட்டுக்குப் போய்ப் பாடிப் பிழைக்கவும் வழியில்லை. 10 பேர் கொண்ட அந்த 'ஆல் அமெரிக்கா' பட்டியல் வந்ததும் இந்த நேரத்தில்தான். 1916இல் ஒரு மதியம் மட்டும் வெளியே உட்கார வைத்தார்கள். இப்போது மொத்தமாக.

அவரோ வழி தேடிக்கொண்டே இருந்தார். கனடாவுக்குப் போக அமெரிக்கர்களுக்குக் கடப்பிதழே தேவையில்லை. இருந்தும் 1952 தொடக்கத்தில் எல்லையில் தடுத்துவிட்டார்கள். சரி, அந்த ஆண்டு மே மாதம் எல்லைக் கோட்டிலேயே ஒரு லாரியை நிறுத்தி, அதன் மீது ஏறி நின்று பாடினார். அமெரிக்க மண்ணில் அவர். கனடாப் பக்கத்தில் பல்லாயிரம் பேர். பாட்டுக்கு ஏது கடப்பிதழ்!

இதைவிட எனக்குப் பிடித்தது 1957 அக்டோபர். வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் கலைவிழாவுக்கு அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். வர முடியாது. அட்லாண்டிக் கடலடித் தொலைபேசிக் கம்பிவடம் போட்டு ஓராண்டுதான் ஆகியிருந்தது. நியூயார்க்கில் ஒரு பதிவுக்கூடத்தில் ரோப்சன் பாட, அந்தக் கம்பி வழியாகக் குரல் வேல்ஸின் போர்த்காவ்ல் அரங்குக்குப் போய் ஒலிபெருக்கியில் கேட்டது. அங்கிருந்த டிரியோர்க்கி ஆடவர் பாடகர் குழு பதிலுக்குப் பாடியது. இன்று நமக்கு வீடியோ அழைப்பு சர்வ சாதாரணம். அன்று அரங்கம் நிறைந்த கூட்டம், ஆள் இல்லாத மேடையைப் பார்த்தபடி ஒரு தொலைபேசி அழைப்பைக் கேட்டுக்கொண்டிருந்தது.

1956 ஜூனில் அதே விசாரணைக் குழு அவரையே அழைத்தது. கம்யூனிஸ்ட்டா என்று கேட்டார்கள்; பதில் சொல்ல மறுத்தார். ரஷ்யாவிலேயே இருந்திருக்கலாமே என்றார்கள். தன் அப்பா அடிமையாக இருந்த நாடு இது, இதைக் கட்டியெழுப்பத் தன் மக்கள் உயிரைக் கொடுத்திருக்கிறார்கள், இங்கேயேதான் இருப்பேன் என்று திருப்பிக் கொடுத்தார்.

நியாயமாகப் பார்த்தால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1949இல் மாஸ்கோ சென்றபோது, யூதக் கவிஞரான தன் நண்பர் இட்ஸிக் ஃபெஃபரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். சிறையிலிருந்து அவரை ஹோட்டலுக்கு அழைத்து வந்தார்கள். ஒட்டுக்கேட்கும் கருவிகளுக்குப் பயந்து சைகையில் நிலைமையைச் சொன்னார் ஃபெஃபர். ரோப்சனின் மகன் பின்னர் சொன்னது இது. அன்று மாஸ்கோ மேடையில் ரோப்சன் அந்த நண்பரின் பெயரைச் சொல்லி, வார்சா யூதர்களின் எதிர்ப்புப் பாடலை இத்திஷ் மொழியில் பாடினார். துணிச்சல்தான். ஆனால் அமெரிக்கா திரும்பியதும் சோவியத்தில் யூதர்களுக்குக் கொடுமை எதுவும் இல்லை என்றார். 1952இல் ஃபெஃபர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டுக்கான ஸ்டாலின் பரிசு ரோப்சனுக்குக் கிடைத்தது. தன் நாட்டு எதிரிகளின் கையில் ஆயுதம் கொடுக்கக்கூடாது என்று அவர் நினைத்தார் என்பார்கள் அவரை ஆதரிப்பவர்கள். காரணம் புரிகிறது. அந்த மௌனத்தை ஏற்க முடியவில்லை. ஸ்டாலினின் கொடுமைகள் 1956இல் அம்பலமான பிறகும் அவர் வெளிப்படையாகக் கண்டிக்கவில்லை.

1958இல் ஓவியர் ராக்வெல் கென்ட் தொடுத்த வழக்கில் அமெரிக்க உச்சநீதிமன்றம், கருத்தைக் காரணம் காட்டிக் கடப்பிதழை மறுக்க வெளியுறவு அமைச்சுக்கு அதிகாரம் இல்லை என்றது. ரோப்சனுக்கும் கடப்பிதழ் திரும்பியது. அந்த ஏப்ரலில்தான் அவருக்கு 60 வயது. இந்தியாவில் நீதிபதி சாக்ளா தலைமையில் ஒரு குழு பிறந்தநாளைக் கொண்டாடியது. நேரு வாழ்த்து அறிக்கை விட்டார். அமெரிக்கத் தூதரகத்துக்கு அது பிடிக்கவே இல்லை.

கடைசி ஆண்டுகள்

மறுபடி உலகம் சுற்றினார். 1960 நவம்பரில் சிட்னி ஓப்பரா ஹவுஸ் இன்னும் கட்டி முடிக்கப்படாத நேரத்தில், கட்டுமானத் தொழிலாளர்களுக்கு அங்கேயே பாடினார். சாரக்கட்டில் உட்கார்ந்தும் நின்றும் அவர்கள் கேட்ட காட்சி படமாகப் பதிவாகியிருக்கிறது. இணையத்தில் தேடினால் கிடைக்கும். மேடை அலங்காரம் எதுவும் இல்லை. குளிருக்குக் கனத்த மேல்சட்டை, ஒரு கை காதருகே.

அடுத்த ஆண்டே உடைந்து போனார். 1961இல் மாஸ்கோவில் மனநலம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. லண்டனில் பலமுறை மின்னதிர்ச்சி சிகிச்சை. 1963 இறுதியில் நாடு திரும்பினார். 1965இல் எஸ்லாண்டா இறந்தார். ரோப்சன் ஃபிலடெல்ஃபியாவில் தன் அக்காள் வீட்டில் ஒதுங்கி வாழ்ந்தார். 1973இல் கார்னகி ஹாலில் அவருடைய 75ஆவது பிறந்தநாள் விழா. அவரால் போக முடியவில்லை, ஒலிநாடாவில் ஒரு செய்தி மட்டும் அனுப்பினார். 1976 ஜனவரி 23ஆம் தேதி காலமானார். வயது 77. ஹார்லெமில், அவருடைய அண்ணன் போதகராக இருந்த தேவாலயத்தில் இறுதிச் சடங்கு நடந்தது.

கல்லூரிக் கால்பந்துக்கென அமெரிக்காவில் ஒரு 'ஹால் ஆஃப் ஃபேம்' இருக்கிறது. முதல் தொகுதி ஆட்டக்காரர்களை 1951இல் சேர்த்தார்கள். நூற்றுக்கணக்கானோர் உள்ளே போனார்கள். ரோப்சனின் பெயர் ஆண்டுக்கு ஆண்டு தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. அவர் இறந்து 19 ஆண்டு கழித்து, 1995இல் சேர்த்தார்கள்.

ரட்கர்ஸ் அவர் பட்டம் பெற்ற நூற்றாண்டை 2019இல் கொண்டாடியது. வளாகத்தில் அவர் பெயரில் ஒரு சதுக்கம் அமைத்து, அவர் வாழ்க்கையைக் கருங்கல் பலகைகளில் பொறித்து வைத்திருக்கிறார்கள். வகுப்புக்குப் போகிற வழியில் மாணவர்கள் அதைக் கடந்துதான் போகிறார்கள்.